ஒதுக்கி வைத்த வண்டி

எர்ணாவூரில் எங்கள் கன்டெய்னர் யார்டின் கேட்டுக்கு மேலே ஒரு மின்சார மணி இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது அடிப்பதற்காக யாரோ எப்போதோ மாட்டியது. இப்போது ஷிஃப்டுக்கு அடிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, எந்த நேரம் என்றில்லாமல் அடிக்கும். அடித்தால் டெபோரா எழுந்துவிடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டுப் போவாள். அந்த மணி எப்படி அவளுடைய மணியாயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெபோரா ராயபுரத்துப் பெண். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்தில் வீடு. அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். இவள் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதிய அடுத்த வாரமே எங்கள் யார்டு கேட்டில் சீட்டு எழுதும் வேலைக்கு வந்துவிட்டாள். வண்டி எண், பெட்டி எண், எடை, நேரம். நான்கு வருடம் அதுதான் வேலை. அந்த நான்கு வருடத்தில் வடசென்னையில் டிரெய்லர் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருடைய போன் நம்பர் அவளிடம் சேர்ந்துவிட்டது. யாருக்கு மாத்தூரில் வீடு, யாருக்கு மூலக்கொத்தளம், யார் பிரேக் அடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும் என்பது வரைக்கும் சொல்வாள்.

காகிதச் சீட்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் போட்டபோது நான் வேலைக்கு வந்தேன். வேப்பூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மேனேஜர் அசோகன் சார் என்னையும் டெபோராவையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். நிரல் எழுத நான். அது ஓடுகிறதா என்று திரையைப் பார்த்துக்கொள்ள அவள். இருவருக்கும் ஒரே வயது, இருபத்தாறு. முதல் நாளே என் பெயரைக் கேட்டுக்கொண்டு, "மதியா? சரி நைனா, நீ மிசினுக்குச் சொல்லு, நானு வண்டிக்காரனுக்குச் சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே வேலதான்" என்றாள்.

நான் செய்த ஏற்பாடு இதுதான். கேட்டில் வண்டி வந்ததும் கிளார்க் விவரத்தைத் தட்டச்சு செய்வார். அது ஒரு செய்தியாகக் கியூவில் போய் நிற்கும். கியூவின் தலைப்பக்கம் என் நிரல் நிற்கும். கன்ஸ்யூமர் என்பார்கள். அது ஒவ்வொரு செய்தியாக வாங்கி, வண்டிக்கு யார்டில் ஓர் இடம் ஒதுக்கி, எடையைப் பதிந்து, சீட்டை அச்சடித்துவிட்டு, "ஆச்சு" என்று கியூவிடம் சொல்லும். சொன்ன பிறகுதான் கியூ அந்தச் செய்தியைக் கீழே விடும். வேலை நடுவில் கரண்ட் போனாலும் நெட் போனாலும் "ஆச்சு" வரவில்லையே என்று அதே செய்தியை மறுபடி நீட்டும். ஒரு செய்திகூடத் தொலையாது. இதை ஊரில் அப்பாவிடம் போனில் விளக்கியபோது அவர், "அப்ப நல்ல வேலையாள்தான்" என்றார்.

முதல் பதிப்பில் நான் ஒரு தப்பு செய்திருந்தேன். நிரல் எங்கே தடுக்கி விழுந்தாலும், அதாவது எந்த எக்ஸெப்ஷன் வந்தாலும், அதை ஓர் ஓரமாக எழுதி வைத்துவிட்டு "ஆச்சு" என்று சொல்லும்படி எழுதியிருந்தேன். திரையில் எப்போதும் பச்சை விளக்குதான். மார்ச் மாதம் ஒரு டிரெய்லர்க்காரர் காலை எட்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் சீட்டுக்காக வெயிலில் நின்றிருக்கிறார். திரையில் அப்படி ஒரு வண்டியே இல்லை. மதியம் டீ குடிக்கப் போன டெபோராதான் அவரைப் பார்த்து, விசாரித்து, கையால் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்து என் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இன்னாபா உன் புரோகிராமு? வேலைய முடிக்காமயே முடிச்சிட்டேன்னு சொல்லிகினு கீது. முடியலன்னா முடியலன்னு சொல்லச் சொல்லு அத்த."

சரியாகத்தான் சொன்னாள். அன்றே மாற்றினேன். எந்தத் தடுக்கல் வந்தாலும் இனி "ஆச்சு" சொல்லாது. ஐந்து விநாடி பொறுத்து, கியூ அதே செய்தியைத் திரும்ப நீட்டும். இனி ஒரு வண்டியும் தொலையாது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வரை இருந்தது.

அன்று ஒன்றேகால் மணிக்கு சுடலைராஜ் அண்ணன் வண்டி வந்தது. நாங்குநேரிக்காரர், மாத்தூரில் குடியிருக்கிறார், சொந்த டிரெய்லர். கொத்தவால்சாவடிப் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் தேவப்பிரியம் என்பவருடைய சின்ன வெங்காயம், இரண்டு இருபதடிப் பெட்டிகளில். எங்கள் யார்டில் எடை பதிந்து, முத்திரை சரிபார்த்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போக வேண்டும். துறைமுக வாயில் அந்தக் கப்பலுக்கு ஐந்து மணிக்கு மூடும். விட்டால் அடுத்த கப்பலுக்கு எட்டு நாள். ஜூன் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் எட்டு நாள் வெங்காயத்தை வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மணி ஆகியும் சீட்டு வராததால் அவர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அதற்குள் வெளியே சாலையில் டிரெய்லர்கள் எர்ணாவூர்ப் பாலம் வரைக்கும் நின்றுவிட்டன.

"என்னம்மா டெபோரா, அஞ்சு மணிக்குக் கேட்ட அடைச்சிருவாவ. தேவப்பிரியம் அண்ணாச்சி நிமிசத்துக்கு ஒரு போனு போடுதாரு. நான் என்னன்னு சொல்ல?"

"சிஸ்டம் கொஞ்சம் பேஜாரு பண்ணுதுண்ணே. நீங்கதான மொதல்ல வந்தீங்க, நீங்கதான் மொதல்ல போவீங்க. நான் சொல்றேன், வண்டியாண்ட போய் இருங்க."

அவள் சொன்னால் அவர் நம்புவார். போய்விட்டார்.

அசோகன் சார் போனில் கத்தினார். "யார்டு ஃபுல்லுன்னு காட்டுது. இனி ஒரு வண்டிய உள்ள விடாதீங்க." திரையைப் பார்த்தேன். உண்மைதான். காலியாக இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன என்றது. மதியம் அத்தனை வண்டி வரவே இல்லையே.

டெபோரா திரையை விட்டு எழுந்து வெளியே போனாள். ஐந்து நிமிடத்தில் வியர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"சி பிளாக்ல ஒரு பொட்டி கூட இல்ல. கிரேன் டிரைவரு நெழல்ல துண்ட விரிச்சுப் படுத்துனு கீறாரு. யார்டு காலியாக் கீது நைனா, உன் ஸ்கிரீன்தான் ரொம்பிக் கீது. யாருக்கு இடம் குடுத்த, அத்தப் பாரு."

பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களுக்கும் ஒரே சீட்டு எண். 4417.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. அந்தச் செய்தியில் எடைக் கட்டத்தில் "14200+13850" என்று இருந்தது. இரண்டு பெட்டி ஏற்றிய வண்டிக்குக் காகிதச் சீட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். கேட்டில் எல்லோருக்கும் புரியும். கம்ப்யூட்டரில் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவார்கள், அன்று பழைய பழக்கத்தில் அப்படியே தட்டச்சு செய்துவிட்டார்கள், என் படிவமும் வாங்கிக்கொண்டது. கன்ஸ்யூமர் முதலில் வண்டிக்கு ஓர் இடம் ஒதுக்கும், பிறகு எடையை எண்ணாகப் படிக்கும். நடுவில் கூட்டல் குறி இருந்தால் அதற்கு அது எண் இல்லை. தடுக்கி விழும், "ஆச்சு" சொல்லாது. ஐந்து விநாடியில் அதே செய்தி மறுபடி வரும். மறுபடி இன்னோர் இடம் ஒதுக்கும், மறுபடி விழும். இருபத்தாறு நிமிடத்தில் ஒரே வண்டிக்கு யார்டு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டது. பின்னால் எழுபத்தொரு வண்டிகளின் செய்திகள் அசையாமல் நின்றன.

மார்ச் மாதம் வெயிலில் நின்றவரும் இரட்டைப் பெட்டி வண்டிக்காரர்தான் என்பது அந்த நிமிடம் எனக்கு உறைத்தது. அன்று இதே கூட்டல் குறியைத்தான் என் நிரல் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது.

அசோகன் சார் நேரிலேயே வந்துவிட்டார். "கியூல இருக்கற எல்லாத்தையும் அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணுப்பா. ஒரு நிமிஷ வேலை."

என் கை மவுஸுக்குப் போய்விட்டது. டெபோரா என் கை மேல் ஸ்கேலை வைத்தாள்.

"அழிச்சா எழுவது வண்டியும் மறுக்கா கேட்டாண்ட வந்து பதியணும் சார். யாரு மொத, யாரு அப்பாலன்னு அங்க சண்ட நாறிப்பூடும். உள்ள கீறது வண்டி சார். குப்ப இல்ல."

"அப்ப எவ்வளவு நேரம் கேக்கறே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான், "அரை மணி நேரம்" என்றேன். அரை மணி நேரத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிரல் எழுதத் தெரியாதவள் கேள்வி கேட்டுக் கேட்டே எழுத வைத்தாள். "நெட்டு போய் விழுந்தா கொஞ்சம் பொறுத்து மறுக்கா பண்ணலாம், செரி. எழுதனதே இப்டி கீதுன்னா ஆயிரம் வாட்டி படிச்சாலும் அப்டியேதான கீது. அத்த எதுக்கு மறுக்கா மறுக்கா படிக்கணும்?" நெட், பிரிண்டர் மாதிரித் தற்காலிகத் தடங்கல் என்றால் மூன்று முறை, இடைவெளி விட்டு, விவரமே சரியில்லை என்றால் உடனே எடுத்துத் தனியாக ஒரு கியூவில் ஒதுக்கு என்று எழுதினேன். "ஒரு வண்டிக்கு எடம் குடுத்தாச்சுன்னா மறுக்கா வந்தாலும் அதே எடந்தான?" இடம் ஒதுக்கும் முன் அந்தச் சீட்டு எண்ணுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தேன். முந்நூற்றுப் பதினோரு பொய் இடங்களை விடுவித்தேன். 4417 ஓரமாகப் போனது. இரண்டு ஐம்பதுக்குக் கியூ நகர்ந்தது.

அது ஓடியதைப் பார்க்க வேண்டும். பிரிண்டர் நிற்காமல் சீட்டுகளைத் துப்பியது. வெளியே ஒவ்வொரு எஞ்சினாக உறுமியது. மூன்று ஐம்பதுக்குப் பாலத்துப் பக்கம் வரிசையே இல்லை. அசோகன் சார் கேன்டீனில் சொல்லி மசால் வடையும் டீயும் வரவழைத்தார். "பரவால்லப்பா, படிச்ச பிள்ளைங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

டெபோரா டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். திரையின் மூலையில் நான் புதிதாக வைத்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒதுக்கி வைத்தது: 1.

"4417 யாரு வண்டி?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது எண் மட்டும்தான். அவளுக்கும் அந்த இரண்டு மணி நேரம் அது எண் மட்டும்தான். எப்போதும் எண்ணுக்குப் பின்னால் வண்டியைப் பார்க்கிறவள், அன்று எழுபது வண்டிகளின் அவசரத்தில் ஒரே ஒரு முறை பார்க்கவில்லை. போனை எடுத்து கேட் கிளார்க் ஜெனியைக் கூப்பிட்டாள்.

"அதுவா? சுடலராஜ் அண்ணேது. இங்கதான் எடமேடையாண்ட நிக்குது" என்றாள் ஜெனி. "கம்ப்யூட்டர்ல போயிட்ச்சுன்னுதான் காட்டுது. வரும்ணே, இருன்னு சொல்லிகினே கீறேன்." கியூவை விட்டு எடுத்ததையெல்லாம் அவள் திரை போய்விட்டதாகவே காட்டும்.

டெபோரா டீயை வைத்த வேகத்தில் பாதி மேசையில் கொட்டியது. ஓடினாள். நானும் ஓடினேன்.

சுடலைராஜ் அண்ணன் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். எஞ்சினை அணைத்திருந்தார். போனையும் அணைத்து மடியில் வைத்திருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"என்ன தாயி, மொதல்ல போவீருன்னு சொன்ன. என்னைய ஓரங்கட்டி வச்சிட்டு ஊருக்கெல்லாம் வழி விட்டுட்டியே. எழுவது வண்டிய எண்ணிக்கிட்டு நிக்கேன்."

டெபோரா சிஸ்டம் என்றோ கியூ என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தப்பு என்னுதுண்ணே. மறந்துட்டேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. எடைமேடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து நான் அந்த ஒதுக்கிய செய்தியைத் திறந்தேன். ஒன்றை இரண்டாக்கி, பெட்டிக்கு ஓர் எடை, பெட்டிக்கு ஒரு சீட்டு எண் கொடுத்துத் திரும்பக் கியூவுக்கு அனுப்பினேன். நான்கு மணிக்கு இரண்டு சீட்டும் கையில். முத்திரை சரிபார்க்கிறவர் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெபோரா அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்து வண்டிக்கே கூட்டி வந்தாள். நான்கு பன்னிரண்டுக்கு டிரெய்லர் கேட்டைத் தாண்டியது.

தாண்டி என்ன செய்ய? நாங்கள் விட்ட எழுபத்தொரு வண்டிகளும் இப்போது அவருக்கு முன்னால், ஒரே சாலையில், துறைமுகத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. அவரை ஓரம்கட்டியது நாங்கள். இப்போது வழியை அடைத்ததும் நாங்கள்தான்.

டெபோரா கேட் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அன்று அவள் போனில் பேசியதை நான் மறக்கமாட்டேன்.

"அறிவு, எங்க கீற? காசிமேடு தாண்டிட்டியா? பின்னால சுடலராஜ் அண்ணே வந்துகினு கீறாரு. வெங்காயம், அஞ்சு மணி. லெஃப்ட்ல ஒதுங்கு. உன் கப்பலு நாளைக்குதான, எனுக்குத் தெரியாதா. ஒதுங்குபா."

அறிவு ஏதோ சொன்னான்.

"ஆமாம்பா, நாங்கதான் சொதப்பிட்டோம். நாளைக்கு வந்து திட்டு. இப்ப ஒதுங்கு."

ஒவ்வொருவராக ஒன்பது பேர், பக்கத்தில் நிற்கிற வண்டிகளுக்கும் சொல்லச் சொல்லி. சீட்டைப் பார்க்காமல், திரையைப் பார்க்காமல், யாருக்கு இன்றைய கப்பல், யாருக்கு நாளை என்று மனதிலிருந்தே சொல்லி ஒதுங்கச் சொன்னாள். ஒருவர் மட்டும் முடியாது என்றார். அவரிடம் சண்டை போடவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரைக் கூப்பிட்டு, அவரை ஒதுங்கச் சொன்னாள். யார் ஒதுங்கினாலும் சுடலைராஜ் அண்ணனுக்கு முன்னால் ஒரு வண்டி குறையும். என் கம்ப்யூட்டர் வரிசையைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. சாலையில் நின்ற வரிசையை அவள் பத்து நிமிடத்தில் சரிசெய்தாள்.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. கல்லிலேயே இருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நான்கு நாற்பது. நான்கு நாற்பத்தைந்து. ஜெனி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு முகம் செத்திருந்தது. எடையை அப்படித் தட்டச்சு செய்தது அவள்தான்.

"நான்தான்கா அப்டி அடிச்சேன்."

"நாலு வருசம் நானும் அப்டித்தான எழுதனேன். காயிதத்துக்குப் புரிஞ்சுது, இவன் புரோகிராமுக்குப் புரியல. இவன்தான் ரெண்டு கட்டம் வெச்சிருக்கணும்" என்று என்னைக் காட்டினாள். அதுவும் சரிதான்.

ஐந்து மணி ஆனதும் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"உள்ள வந்துட்டேன் தாயி. பின்னாலயே அடைச்சிட்டாவ. வழி நெடுக நம்ம பயலுவ ஒதுங்கி நின்னு கையக் காட்டுதானுவ, ஏதோ மந்திரி வண்டி போற மாதிரி. அண்ணாச்சிக்கு நீயே ஒரு போனப் போட்டுச் சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

டெபோரா சிரித்துவிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வியர்வைக்கு என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்திருந்தாள். எடைப் படிவத்தில் இரண்டு கட்டம் வைத்தாயா என்பது முதல் கேள்வி. வைத்திருந்தேன். ஒதுக்கிய கியூவில் ஏதாவது விழுந்தால் நம் இருவருக்கும் மெயில் வருகிற மாதிரி செய்துவிடுகிறேன் என்றேன்.

"மெயிலா? நேத்து ஸ்கிரீன்ல ஒண்ணுன்னு எழுதிக் கெடந்துச்சே, பாத்தமா? எழுவத்தொண்ணு போயிட்ச்சுன்னு வட துன்னுகினு இருந்தோம்." ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். "அந்த மணி சும்மாதான தொங்குது. அத்த அடிக்க வெக்க முடியுமா உன்னால?"

முடியும் என்றேன். எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து இரண்டு நாள் ஆனது. இப்போது ஒரு செய்தியைக் கன்ஸ்யூமர் ஓரமாக வைத்தால் கேட்டின் மேல் மணி அடிக்கும். யாராவது வந்து எடுத்துப் பார்க்கும் வரை நிமிடத்துக்கு ஒரு முறை அடித்துக்கொண்டே இருக்கும். அசோகன் சாருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. குறைக்கச் சொன்னார். டெபோரா குறைக்க விடவில்லை.

நான் படித்த கல்லூரிப் புத்தகத்தில் இந்த ஒதுக்கிய கியூவைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. டெட் லெட்டர் கியூ, அதாவது செத்த கடிதங்களின் கியூ என்பதுதான் அதற்குப் பொதுவான பெயர். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அதற்குள் ஓர் ஆள் வண்டிப் படியில் உட்கார்ந்திருப்பார் என்று டெபோராவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் யார்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

போன வாரம் மதியம் மணி அடித்தது. டெபோரா டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள், வஞ்சிரம் வறுவல். மூடி வைத்துவிட்டு எழுந்தாள். ஜன்னலுக்கு வெளியே, எடைமேடைக்கு அந்தப் பக்கம், வரிசையில் நின்ற டிரைவர்கள் தலையை நீட்டி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏலே, யாரு வண்டி?" என்று சுடலைராஜ் அண்ணன் குரல் கேட்டது. "கவலப்படாத. அந்தப் பிள்ள வந்துக்கிட்டிருக்கும்."